சனிக்கிழமைக் கைகள்

நொய்யலுக்குத் தெற்கே இருக்கிற அந்தப் பனியன் ஊரில், ஆடி மாதத்துத் திங்கட்கிழமை ஒன்றின் காலையில், அயர்ன் மேசையில் நின்றிருந்த சென்னியப்பன் ஒரு வெள்ளை பனியனைத் தேய்த்து மடித்து வைத்தபோது, அதன் நெஞ்சில் அவனுடைய ஐந்து விரல்களும் ஆரஞ்சு நிறத்தில் பதிந்து கிடந்தன. காலையில் தின்ற எதுவோ கையில் ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் குழாயடிக்குப் போனான். அங்கே அவனுக்கு முன்பே ஒரு கூட்டம் கை கழுவிக்கொண்டிருந்தது. செக்கிங் பெண் ஒருத்திக்கு விரல் நுனியெல்லாம் மஞ்சள். டெய்லர் ஒருவனுக்கு உள்ளங்கை பூராவும் குளிர்பானப் பழுப்பு. பேக்கிங்கில் இருந்த பெரியவருக்குக் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் ஜெல்லி மிட்டாய்ப் பச்சை. சோப்பு நுரை மட்டும் வெள்ளையாக ஓடியது. நிறம் இருந்த இடத்திலேயே இருந்தது.

"எவன்டா சாயத்துல கைய வெச்சுட்டு வந்து பீஸத் தொட்டது?" என்று கத்திக்கொண்டு வந்தார் மேனேஜர் நந்தகோபால். கத்தி முடித்து, ரிஜெக்ட் பீஸ்களை எடுத்து உதறிக் காட்டினார். அவர் உதறிய பனியனின் தோள் இரண்டிலும் சாக்லெட் நிறத்தில் இரண்டு கைகள் விழுந்தன. அதற்குப் பிறகு அவர் கத்தவில்லை.

நிறத்தைக் கண்டு பதறுகிற ஊர் அல்ல அது. நொய்யல் ஆறே நாளுக்கொரு நிறத்தில் ஓடியதைப் பாலத்தின் மேல் நின்று பார்த்துவிட்டு வேலைக்குப் போன ஊர். சாயப்பட்டறை மாஸ்டர்கள் தங்களுக்குத் தெரிந்த எல்லா பிளீச்சையும் போட்டுப் பார்த்தார்கள்; தோல் உரிந்தது, உரிந்த தோலுக்குக் கீழேயும் அதே நிறம் புதுசாக, ஈரமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் களிம்பு கொடுத்தார்கள். கோயிலில் மஞ்சள் நீர் தெளித்தார்கள். ஜோசியர் ஒருவர் சனிப்பெயர்ச்சி என்று சொன்னார், அவருடைய கையும் சிவப்பாக இருந்ததால் அவரிடம் யாரும் மறுகேள்வி கேட்கவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தது யாருடைய கெட்டிக்காரத்தனமும் அல்ல. கல்யாணமாகாத பையன்களின் கைகள் சுத்தமாக இருந்தன. பிள்ளையில்லாதவர்களின் கைகளும் சுத்தமாக இருந்தன. அப்புறம் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கி வேலை செய்கிற பேச்சியம்மாளின் கைகளும் சுத்தமாக இருந்தன, அவளுக்கு ஊரில் இரண்டு பிள்ளைகள். டீ இடைவேளையில் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு நீ மட்டும் என்ன புண்ணியம் செய்தாய் என்று கேட்டபோது அவள் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"எம்புள்ளைகளுக்கு நான் என்னத்த வாங்கிக் குடுத்தேன்? மூஞ்சியப் பாத்தே ஆடி போயி ஆடி வந்தாச்சு," என்று சொல்லிவிட்டு அழுதாள். அழுதுகொண்டே, "உங்களுக்காச்சும் ஏதோ கெடக்கு கையில," என்றாள்.

அப்போதுதான் அவரவர் தங்கள் கைநிறத்தைப் பார்த்து, அது எந்தத் தீனிப் பாக்கெட்டின் நிறம், யாருக்கு வாங்கிக் கொடுத்தது, என்றைக்கு என்பதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வர, கையில் இருந்த டீயைக் குடித்து முடிக்காமல் மெஷினுக்குத் திரும்பிப் போனார்கள்.

சென்னியப்பனுக்கு நினைவுபடுத்திக்கொள்ள அதிகம் தேவைப்படவில்லை. அந்த ஊரில் சனிக்கிழமை சம்பளம். சனிக்கிழமை சாயங்காலம் சம்பளக் கவரோடு கம்பெனியை விட்டு வெளியே வருகிற ஆண் யாரும் வெறுங்கையோடு வீட்டுக்குப் போவதில்லை. தீனி வாங்கிக்கொண்டு போவான். முறுக்கும் கடலை மிட்டாயுமாக இருந்த தீனி எப்போது கடை வாசலில் மாலை மாலையாகத் தொங்குகிற பாக்கெட்டுகளாக மாறியது என்று அவனும் கவனிக்கவில்லை, மற்றவர்களும் கவனிக்கவில்லை. ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறவன் காலையில் மகள் தூங்கும்போது போய், இரவு அவள் தூங்கிய பிறகு வருவான். சனிக்கிழமை மட்டும் அவள் விழித்திருப்பாள். ஸ்கூட்டர் சத்தம் கேட்டதும் மிதுளா ஓடி வருவாள், பையை நோக்கித்தான் ஓடி வருகிறாள் என்று அவனுக்குத் தெரியும், தெரிந்தும் அவள் வாசல்படியிலிருந்து ஸ்கூட்டர் வரைக்கும் ஓடி வருகிற அந்தக் கொஞ்ச தூரத்தை வாரம் முழுக்க நீராவிக்கு நடுவே நின்று நினைத்துக்கொண்டிருப்பான். அப்புறம் சனிக்கிழமை போதவில்லை. புதன்கிழமையும் வாங்கினான். அப்புறம் ஃபிரிட்ஜுக்கு மேலே ஒரு பிளாஸ்டிக் வாளி வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து இருட்டும் வரைக்கும் தனியாக டிவி பார்த்துக்கொண்டிருக்கிற பிள்ளை அழாமல் இருக்க, அந்த வாளி காலியாகாமல் பார்த்துக்கொண்டான்.

காரணம் தெரிந்த பிறகு ஊர் என்ன செய்தது என்பதைச் சொல்ல வேண்டும். முதலில் கையைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்த்தது. பாக்கெட்டை நாம்தானே வாங்கக் கூடாது, பிள்ளைகளே வாங்கிக்கொள்ளட்டும் என்று சிலர் சில்லறையைக் கொடுத்துக் கடைக்கு அனுப்பினார்கள். மறுநாள் அவர்கள் உள்ளங்கையில் நாணயம் அளவுக்கு வட்ட வட்டமாக நிறம் விழுந்தது. போனில் ஸ்கேன் செய்து பணம் போட்டவர்களுக்குக் கட்டை விரல் மட்டும் சிவந்தது, அதை அவர்கள் பெரிய சாமர்த்தியமாகச் சொல்லிக்கொண்டார்கள். மாமனார் வாங்கித் தந்தால் மாமனாருக்கு, சித்தப்பா வாங்கித் தந்தால் சித்தப்பாவுக்கு என்று ஆனதால், சொந்தக்காரர்கள் வீட்டுக்கு வருவது குறைந்தது. ஆனால் வீதிக்கோடியில் மளிகைக்கடை வைத்திருந்த தங்கவேலுவின் கைகளில் ஒரு பொட்டு நிறம்கூட இல்லை. ஊரிலுள்ள பிள்ளைகளுக்கெல்லாம் பாக்கெட்டை எடுத்துக் கொடுத்த அந்தக் கைகளைப் பார்த்து ஒருவன் கோபமாகக் கேட்டபோது, தங்கவேலு கல்லாவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "எம்பட பிள்ளைகளுக்கு நான் இதக் குடுக்கறதில்லீங்க."

அடுத்து ஊர் கிளவுஸ் போட்டுக்கொண்டது. கட்டிங் வேஸ்ட் துணியில் தைத்த வெள்ளை கிளவுஸ். ஆளுக்கு இரண்டு ஜோடி கம்பெனியே கொடுத்தது. ரிஜெக்ட் நின்றது, ஆர்டர் போனது, மேனேஜர் மறுபடியும் கத்த ஆரம்பித்தார். கிளவுஸ் போட்ட கையாலேயே விபூதி வாங்கினார்கள், மொய்க் கவர் கொடுத்தார்கள், பஸ்ஸில் கம்பியைப் பிடித்தார்கள், ஓட்டுக் கேட்டு வந்தவர்களைக் கும்பிட்டார்கள், வந்தவர்களும் கிளவுஸ் போட்ட கையாலேயே திருப்பிக் கும்பிட்டார்கள். ஒருவரைக் கிளவுஸைக் கழற்றச் சொல்வது, வீட்டுக்குள் வந்து பீரோவைத் திறந்து காட்டச் சொல்வதைப் போன்ற மரியாதைக்கேடு என்று யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் விளங்கியது. தீபாவளிக்குள் பூப்போட்ட கிளவுஸ், ஜரிகை வைத்த கிளவுஸ் எல்லாம் வந்துவிட்டன. பாக்கெட் விற்பனை மட்டும் குறையவே இல்லை. கை மறைந்த பிறகு இன்னும் கொஞ்சம் தாராளமாகவே வாங்கினார்கள்.

வீட்டுக்குள் கிளவுஸைக் கழற்றித்தானே ஆக வேண்டும். சென்னியப்பனின் மனைவி கலாமணி வேறொரு கம்பெனியில் டெய்லர். அவளுக்கு வலது கை விரல்கள் நான்கிலும் வெளிர் மஞ்சள். காலை அவசரத்தில் மகளுக்குக் கிண்டிக் கொடுத்த நூடுல்ஸின் நிறம். அவனுக்கோ ஆரஞ்சு இரண்டு கைகளிலும் மணிக்கட்டைத் தாண்டி ஏறியிருந்தது.

"உங்களுது எது வரைக்கும் ஏறியிருக்குதுன்னு பாருங்க, எம்படது எது வரைக்கும் இருக்குதுன்னு பாருங்க," என்றாள் கலாமணி.

"ரெண்டும் ஒண்ணுதான்."

"எப்படிங்க ஒண்ணாகும்? நான் அடுப்புல வெச்சுக் குடுத்தேன். நீங்க வாளி நெறைய வாங்கி வெச்சீங்க."

"நீயும் ஒன்றரை ஷிப்டுக்குப் போகாம இருந்திருந்தா எதுக்கு வாளி?"

அவள் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள், அவன் தன் இரண்டு கைகளையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு படுத்தான், நடுவில் மிதுளா வாயோரத்தில் மசாலாத் தூளோடு தூங்கினாள்.

பள்ளிக்கூடத்தில் பிரேயரில் நின்றுகொண்டிருந்த மிதுளா மயங்கி விழுந்தது மார்கழியில். கம்பெனிக்குப் போன் வந்தது. சென்னியப்பன் போய்ச் சேர்ந்தபோது அவள் பெஞ்சில் உட்கார்ந்து குளுக்கோஸ் குடித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளை, கன்னம் உப்பலாக, வயிறு முன்னால் தள்ளி, பார்ப்பதற்குப் போஷாக்கானவளாகத்தான் இருந்தாள். கலாமணியும் வந்து சேர, மகளைக் கிளினிக்குக்குக் கொண்டு போனார்கள். அங்கே டாக்டர் வஹிதா அவளுடைய கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். உள்ளே சிவப்பு இருக்க வேண்டிய இடம் துவைத்த துணிபோல இருந்தது. ரத்தம் எடுத்தார்கள், வயிற்றை ஸ்கேன் பார்த்தார்கள்.

"உடம்புல ரத்தமே இல்ல. ஈரல்ல கொழுப்பு. ரெண்டும் ஒண்ணா இந்த வயசுல," என்றார் டாக்டர். "என்ன சாப்பிடறா?"

"வீட்டுச் சாப்பாடுதானுங்க டாக்டர்," என்றான் சென்னியப்பன். "சோறு, கொழம்பு, கீரை, முட்டை…" சொல்லச் சொல்லப் பட்டியல் நீண்டுகொண்டே போனது. பக்கத்தில் நின்ற கலாமணி தரையைப் பார்த்தாள்.

"கிளவுஸக் கழட்டுங்க."

அவன் கழற்றவில்லை. அந்த அறையில் யாரும் கேட்கக் கூடாததை அவர் கேட்டுவிட்டதுபோல நின்றான். மிதுளாதான் இறங்கி வந்து, ஷூவைக் கழற்றுவதுபோலச் சர்வ சாதாரணமாக, அவனுடைய கிளவுஸ் இரண்டையும் விரல் விரலாக இழுத்து உருவினாள். "எங்கப்பா கைதான் எங்க வீதியிலேயே நல்ல கலரு," என்றாள் டாக்டரிடம். முழங்கை வரைக்கும் போயிருந்தது ஆரஞ்சு. அவனே சட்டைக் கையை ஏற்றி அதைப் பார்த்து நாளாகியிருந்தது.

டாக்டர் திட்டுவார் என்று எதிர்பார்த்தான். அவர் தன்னுடைய ரப்பர் கிளவுஸைக் கழற்றி மேசைமேல் வைத்தார். அவருக்கும் விரல்கள் பழுப்பாக இருந்தன. "எம்பையனுக்கு," என்றார். "கிளினிக்க மூடிட்டுப் போக லேட்டாகும். அதனால உங்களத் திட்டற யோக்கியத எனக்கு இல்ல. மருந்து எழுதறேன். ஆனா வயித்துல சோறு காய்கறி போகாம மருந்து ஒட்டாது. அடுத்த டெஸ்ட்ல ரத்தம் ஏறலேன்னா கோயமுத்தூருக்கு அனுப்பி ரத்தம் ஏத்த வேண்டி வரும். அதுக்கப்புறம் என்னன்னு என்னால இப்பச் சொல்ல முடியாது."

அன்று சாயங்காலமே சென்னியப்பன் மேனேஜரிடம் போய், இனிமேல் ஒரு ஷிப்ட்தான் என்றான்.

"எல்லாரும் கிளவுஸப் போட்டுக்கிட்டு வேல செய்யறாங்க, உனக்கு மட்டும் என்ன திடீர் ஞானம்?" என்றார் நந்தகோபால். "வெள்ளை டேபிள் ஒன்றரை ஷிப்ட் ஆளுக்குத்தான். ஒரு ஷிப்ட்னா லோக்கல் சரக்கு. கருப்பு டிராயர். சம்மதமா?"

"சம்மதங்க."

"நாளைக்கு வந்து கெஞ்சக் கூடாது."

கருப்புத் துணியில் கறை தெரியாது. சென்னியப்பன் கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு வேலை செய்தான். நாலு மணிக்கெல்லாம் வெயில் இருக்கும்போதே வெளியே வந்தபோது, பிள்ளைகளை அழைத்துக்கொண்டு நடக்கிற ஆயாக்களுக்கு நடுவே தன் வெறும் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் பேன்ட் பைக்குள் விட்டுக்கொண்டான். வீட்டுக்குப் போய் வாளியைக் கவிழ்த்துக் குப்பை வண்டியில் கொட்டினான். மிதுளா வாசலில் நின்று, அம்மா செத்துப்போனதுபோல அழுதாள்.

"இந்த வீராப்பெல்லாம் எத்தன நாளைக்குன்னு பார்க்கறேன்," என்றாள் கலாமணி. ஆனாலும் பர்மிஷன் வாங்கி வந்திருந்தவள், தட்டப்பயறும் கத்தரிக்காயும் போட்டுக் குழம்பு வைத்துவிட்டு, மிச்சமிருந்த அரை ஷிப்டுக்குப் போனாள்.

அன்றைக்கு நடந்ததைச் சென்னியப்பன் வெகு நாள் யாரிடமும் சொல்லவில்லை. தட்டில் சோற்றைப் போட்டுக் குழம்பை ஊற்றி, பிள்ளைக்கு ஊட்டிவிடலாம் என்று வெறும் கையால் பிசைந்தான். தன் தட்டில் ஆடியிலிருந்தே நடப்பதுபோல, அந்தச் சோறும் அவன் விரல்களுக்கு நடுவே ஆரஞ்சாக மாறியது. குழம்பின் வாசனை போய், பாக்கெட்டைக் கிழித்தால் வருமே, புளிப்பும் காரமும் எண்ணெயுமாக ஒரு வாடை, அது வந்தது. அழுதுகொண்டிருந்த மிதுளா மூக்கை உறிஞ்சினாள். வாயைத் திறந்தாள். ஒரு உருண்டையை ஆவலாக வாங்கி விழுங்கிவிட்டு, "இன்னும்," என்றாள். இது சோறு அல்ல, தன் கையிலிருந்து இறங்குவது எதுவென்று அவனுக்கு அந்த நேரத்தில் நன்றாகத் தெரியும். ஆனால் அவள் கேட்டாள், சிரித்துக்கொண்டே கேட்டாள். இரண்டாவது உருண்டையை அவன் தெரிந்தே கொடுத்தான். மூன்றாவதை உருட்டும்போதுதான் தட்டைத் தள்ளிவிட்டான். அதற்குப் பிறகு அவள் உண்பதை அவன் தொடவில்லை. கரண்டியால் தட்டில் வைத்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்துகொண்டான்.

அவள் தின்னவில்லை. மோர் குடித்தாள், வெறும் சோற்றைக் கொஞ்சம் கொறித்தாள், மற்றதையெல்லாம் தொடாமல் விட்டாள். "நீங்க கெட்ட அப்பா," என்றாள். "பழைய அப்பாதான் நல்ல அப்பா." அவள் அழுவதைக் கேட்டுப் பொறுக்காமல் பக்கத்து வீட்டம்மா ஜன்னல் வழியாக ஒரு பாக்கெட்டை நீட்டிவிட்டுப் போனாள், மறுநாள் அந்தம்மா முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கோலம் போட்டாள். சென்னியப்பன் ஒரு சனிக்கிழமை தங்கவேலு கடை வாசல் வரைக்கும் போய், தொங்குகிற மாலையில் ஒன்றைப் பிய்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒன்றே ஒன்று, அவள் சிரிக்கிறதைப் பார்க்கலாம் என்று நின்றான். தங்கவேலு கல்லாவிலிருந்து அவனையே பார்த்தார். திருப்பி மாட்டிவிட்டு வந்தான்.

டெஸ்டுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். கலாமணி முருங்கைக்கீரையும் பாகற்காய்ப் பொரியலும் செய்திருந்தாள். மிதுளா தன் தட்டைப் பார்க்காமல் அப்பாவின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னியப்பன் சோற்றை ஒரு பக்கமாகத் தின்றுகொண்டே, பொரியலையும் கீரையையும் தட்டோரத்துக்குத் தள்ளித் தள்ளி வரப்புக் கட்டியிருந்தான். குழம்பிலிருந்த கறிவேப்பிலை, கத்தரிக்காய், எல்லாம் அந்த வரப்பில் இருந்தன. அவன் எப்போதும் அப்படித்தான் தின்பான். கம்பெனியில் டீயும் பன்னும், ராத்திரி புரோட்டா. தான் அப்படித் தின்கிறோம் என்பதே அவனுக்குத் தெரியாது.

"நீங்க மட்டும் ஓரமா ஒதுக்கி வெக்கறீங்க?"

"அப்பாவுக்கு அது ஒத்துக்காது கண்ணு."

"எனக்கும்தான் ஒத்துக்காது."

கலாமணி ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கரண்டியை அப்படியே நிறுத்திவிட்டுச் சிரித்தாள். அந்த வீட்டில் யாராவது சிரித்து வெகு நாளாகியிருந்தது. "நல்லாக் கேளு சாமி. கல்யாணமான நாள்ல இருந்து நானும் கேக்கோணும்னு பாக்கறேன், காத்தால போயி ராத்திரி வர்றவருகிட்ட எங்க கேக்கறது?"

சென்னியப்பனுக்குக் காதெல்லாம் சுட்டது. டாக்டரிடம் நீட்டி நீட்டிச் சொன்ன பட்டியலில் சோறும் குழம்பும் தவிர ஒன்றைக்கூடத் தன் வாயில் வைத்து மகள் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வரப்பிலிருந்து ஒரு பாகற்காய்த் துண்டை எடுத்தான். வாய்க்குக் கொண்டு போவதற்குள் அது விரல்களுக்கு நடுவே ஆரஞ்சாகிவிட்டது. போட்டு மென்றான்.

"ஏமாத்தறீங்க," என்றாள் மிதுளா. "அது பாக்கெட் ருசி. நீங்க தொட்டா எல்லாம் அந்த ருசிதான். எனக்குத் தெரியும்."

"ஸ்பூன் கொண்டாரட்டுங்களா?" என்றாள் கலாமணி.

"வேண்டாம், நானே ஊட்டறேன்." மிதுளா முட்டி போட்டு நகர்ந்து வந்து, தட்டோரத்திலிருந்து பாகற்காயையும் கீரையையும் சேர்த்து அள்ளினாள். "வாயத் தொறங்க."

அவன் அவளுடைய விரல்களைப் பார்த்தான். கொடுக்கிறவர் கையில்தானே ஏறும், பிள்ளையின் கையிலும் ஏறிவிட்டால் என்று பயம் வந்தது. அந்தச் சின்ன விரல்களில் கீரை ஒட்டியிருந்தது, கடுகு ஒன்று ஒட்டியிருந்தது, வேறு எதுவும் இல்லை. வாயைத் திறந்தான். கசந்தது. ஆறு மாதமாக ஒரே ருசியில் கிடந்த நாக்கில் அந்தக் கசப்பு ஓங்கி அடித்ததுபோல விழுந்து, கண்ணில் தண்ணீர் வந்தது.

"முழுங்கிட்டீங்களா? கன்னத்துல ஒளிச்சு வெக்கக் கூடாது. தொறந்து காட்டுங்க."

காட்டினான்.

"இப்ப எனக்கு," என்று தனக்கொரு துண்டை எடுத்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டாள். முகம் முழுக்கச் சுருங்கியது. துப்பப் போகிறாள் என்று கலாமணி கையை நீட்டினாள். மிதுளா அந்தக் கையைத் தள்ளிவிட்டு, அப்பாவை முறைத்துக்கொண்டே மென்றாள்.

"நல்லாவே இல்ல, இல்லீங்கப்பா?"

"நல்லாவே இல்ல கண்ணு."

"ஆமா," என்றாள் அவள் திருப்தியாக, அடுத்த வாய் அள்ளிக்கொண்டே. "ம், தொறங்க."